முப்பத்தெட்டு அடியில் ஒரு முகம்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்று. மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை. துணியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை காயப்போட்டேன்.

காந்திபுரம் போய்ப் போன் வாங்கியாயிற்று. நாலு வருடத்துப் பழைய மாடல், யாரோ வைத்திருந்து கொடுத்தது. மூலையில் சிறு கீறல். பின்புறம் மூன்று கேமரா. அதில் ஒன்று தூரத்தில் இருப்பதை எடுப்பதற்கு. அதற்காகத்தான் இது. தூரத்துக் கேமரா உள்ள புதுப் போன் என் குடும்பப் பென்ஷனுக்கு ஒத்துவராது. சென்னையிலிருந்து மகன் வாங்கி அனுப்புகிறேன் என்றான். அவன் வாங்கினால் அது அவனுக்குப் பிடித்த போனாக இருக்கும்.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். "ஏனுங்கம்மா, பேசறதுக்குத்தானுங்களே? பட்டன் வெச்சது ஒண்ணு தர்றனுங்க, கெட்டியா இருக்கும்." தூரத்துக் கேமரா எது என்று கேட்டேன். பேரன் பேத்தியை எடுக்கவா என்றார். விலை கேட்டேன். பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாமாம், பெட்டி கிழியாமல் இருக்க வேண்டுமாம்.

ஏழாவது நாள் அடுத்த திங்கள். தம்பி மகள் காவ்யா கல்யாணம் ஞாயிறு. சரியாக வருகிறது.

ஜூன் 3, செவ்வாய்

தூறல். பிறகு வெயில்.

பள்ளியில் அறிவியல் நோட்டு எழுதிய முறையில் எழுதுகிறேன். ஓரத்தில் கோடு போடாத நோட்டை ஸிஸ்டர் திருத்தவே மாட்டார். கோடு போட்டாயிற்று.

நோக்கம்: 38 அடியிலிருந்து ஒரு முகம். கண், மூக்கு, உதடு தனித்தனியே தெரிய வேண்டும்.

கருவிகள்: போன், தையல் டேப், நாற்காலி.

38 எப்படி வந்தது என்றால், தை மாதம் பெருந்துறை மண்டபத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். எல்லோரும் பந்திக்குப் போனபின் ஏழாவது வரிசையிலிருந்து மணமேடைவரை நடந்து பார்த்தேன். பத்தொன்பது எட்டு, எட்டுக்கு இரண்டடி. காவ்யா கல்யாணமும் அதே மண்டபம்தான். நான் உட்காரப்போவதும் ஏழாவது வரிசைதான்.

செய்முறை: கூடத்திலிருந்த அவர் படத்தைக் கேட் தூணில் மாட்டினேன். கொல்லைக் கதவிலிருந்து கேட்வரை 38 அடி கிடைக்கிறது, நடைக் கதவு திறந்திருந்தால். அவர் அசையமாட்டார், சோதனைக்கு வசதி.

காண்பன: சாதாரணக் கேமராவில் சட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சட்டை, மேலே ஒரு கறுப்புப் புள்ளி. தூரத்துக் கேமராவில் மீசை தெரிந்தது. மூக்குக் கண்ணாடி தெரிந்தது. கண் தெரியவில்லை, படத்தின் சட்டக் கண்ணாடியில் வானம் விழுந்துவிட்டது.

பூக்கார ருக்குமணி வந்தாள். தூணில் அவரைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு இன்னைக்கு விசேசமுங்களா?" என்றாள். இல்லை என்றுவிட்டு அவளையே தூண் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்தேன். காட்டியதும் நெடுநேரம் பார்த்தாள். "இவ்வளவு அழகா இருந்தா எங்க ஊட்டுக்காரருக்கு அடையாளமே தெரியாதுங்கம்மா" என்றாள். கண் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. ஆனால் பேசிக்கொண்டே இருந்ததால் உதடு கலங்கல்.

ஜூன் 4, புதன்

இன்று சாதாரண உபயோகம்.

– சார்ஜ் ஏற இரண்டே முக்கால் மணி நேரம். அதிகம்.
– தொடர்ந்து படம் எடுத்தால் சூடாகிறது, தோசைக்கல் அளவுக்கு இல்லை.
– எடை கூடுதல். கைப்பையில் தனி அறை வேண்டும்.
– எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆக்கியாயிற்று.
– மாத்திரை அட்டையின் தேதியைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது. இது நல்லது. எதிர்பார்க்கவில்லை.
– பேச்சு தெளிவு.

தெளிவு என்று தெரிந்தது சரோஜா பேசியதால். சரோஜா என் தம்பி பழனிச்சாமியின் மனைவி, காவ்யாவின் அம்மா. சனிக்கிழமையே வந்துவிட வேண்டும் என்றாள். அப்புறம், "நங்கையா, உங்களுக்கு முன்வரிசையில சேர் போட்டு வெக்கச் சொல்லியிருக்கறனுங்க." நங்கையா என்று நாத்தனாரைக் கூப்பிட இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள். முன்னால் மேளச் சத்தம் ஒத்துக்கொள்வதில்லை, பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தவில்லை என்பதைத்தான் மத்தியானம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அலமாரி இரண்டு தட்டு ஒழித்து அடுக்கினேன். மறுபடி ஒழித்தேன்.

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, எழுதலாம். அவர் போய்ப் பதினோரு வருடம். அதன்பின் வந்த முதல் கல்யாணத்தில் நானாகப் போய் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன். கணவனை இழந்தவள் மணமேடைப் பக்கம் நிற்கக்கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு நான் இடம் கொடுத்ததில்லை. சொல்லிக் கேட்பதைவிட ஏழாவது வரிசை நாற்காலியே மேல்.

பழனிச்சாமி கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் நான். மாப்பிள்ளையின் சகோதரியாக, அவன் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் நின்றேன். அதே வீட்டுப் பெண் காவ்யா. கல்லூரி நாலு வருடமும் என்னோடு இந்த வீட்டில் இருந்தவள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே என்று நாலு வருடம் சொன்னேன், நாலு வருடமும் போட்டாள். தாலி ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஏழாவது வரிசையிலிருந்து என் கண்ணுக்கு எட்டாது. போனுக்கு எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

ஜூன் 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. காற்றில் கேபிள் அறுந்து, ஆள் வந்து, போய், மறுபடி வந்து.

மண்டபத்துக்குள் வெளிச்சம் எப்படியோ. ஜன்னல்களை அடைத்துக் கூடத்தில் சோதித்தேன். மங்கலில் தூரத்துக் கேமரா மோசம். ரவை தூவியது போலப் படம். கையும் நடுங்குகிறது. முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றினால் பரவாயில்லை. மண்டபத்து நாற்காலிக்குக் கை கிடையாது. கைப்பையை மடியில் நிறுத்தி அதன்மேல் ஊன்றலாம்.

இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பார்க்கலாம் என்று பெட்டியோடு பஸ் ஏறினேன். லட்சுமி மில் ஸ்டாப்பில் மனம் மாறி இறங்கினேன். எதிர்ப் பஸ் ஏறி வீட்டுக்கு. நடத்துநர் அதே ஆள் இல்லை, நல்லவேளை.

சாயங்காலம் காவ்யா பேசினாள். படம் எடுக்க நாலு பேர் வருகிறார்களாம், மேலே பறந்து எடுக்கும் யந்திரமும் வருகிறதாம். "நீங்க எதுக்குங்க அத்தை சிரமப்படறீங்க? ஆல்பம் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்." அந்த ஆல்பத்தில் எல்லாப் பெண்ணுக்கும் ஒரே முகம் போட்டுத் தருகிறார்கள் கண்ணு, நான் உன் முகம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சிரித்தாள். எங்கிருந்து எடுப்பீங்க என்று கேட்கவில்லை.

ஜூன் 7, சனி. பெருந்துறை

பத்து மணிக்குக் கிளம்பியது. பழனிச்சாமி கார் அனுப்பியிருந்தான். வழியெல்லாம் வெயில், அவினாசி தாண்டியதும் மழை.

மண்டபம் நிறைய விளக்கு. நான் பயந்தது வீண். ஆட்கள் வருவதற்கு முன் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து, பையை மடியில் நிறுத்தி, வெறும் மணமேடையை எடுத்தேன். பின்னால் பூவில் எழுதியிருந்த பெயர்கள் படிக்கத் தெரிந்தன. வாழைக்குலையில் காய் எண்ண முடிந்தது. முடிவு: தேறும்.

இரவுச் சாப்பாட்டில் ரசம் நன்றாக இருந்தது. பாயசத்தில் சர்க்கரை தூக்கல். பழனிச்சாமி இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, காலையில நேரத்துல எந்திரிச்சிருவீங்கல்ல?" என்றான். எந்த நாளில் நான் நேரத்தில் எழுந்திருக்கவில்லை?

ஜூன் 8, ஞாயிறு. மத்தியானம்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். மனது ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஐந்தரைக்கே ஏழாவது வரிசையில் இடம் பிடித்தேன். சார்ஜ் நூறு. காவ்யா வந்து உட்கார்ந்தாள். அரக்குப் புடவை, அளவான நகை. சடங்கு நடத்துகிற அருமைக்காரர் பெரியவர், மெதுவாக, சரியாக ஒவ்வொன்றும் செய்தார்.

முகூர்த்தம் நெருங்கியதும் முன்னால் இருந்த ஆறு வரிசையும் எழுந்து நின்றது.

இதை நான் சோதிக்கவில்லை. வீட்டில் நடைக் கதவைத் திறந்து வைத்து, நடுவில் ஆளே இல்லாமல் நாலு நாள் சோதனை. நேற்றும் வெறும் மண்டபம். ஸிஸ்டர் இருந்திருந்தால் நோட்டை முகத்தில் எறிந்திருப்பார். திரையில் தெரிந்தது: ஒரு சிவப்புச் சட்டையின் முதுகு, தூக்கிப் பிடித்த நாலைந்து போன், வீடியோக்காரரின் விளக்குக் கம்பம். 38 அடி என்ன, எட்டு அடிக்குக்கூட எட்டவில்லை.

எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. பை நாற்காலியிலேயே கிடந்தது. போனை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி நடந்தேன். "போட்டோ எடுக்கறாங்க, வழி உடுங்க" என்று யாரோ சொன்னார், கூட்டம் விலகியது. போன் கையில் இருந்தால் விலகுகிறார்கள். மணமேடைக்கு மூன்று படி. ஏறினேன். பெண்ணின் வலப்புறம், தூணோரம். அங்கிருந்து காவ்யா ஐந்தடி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் விரிந்தது. அழுத்தினேன்.

அதே நொடியில் பக்கத்தில் ஒரு கை. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், பச்சைப் பட்டு, எனக்குத் தெரியாதவர். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கங்கம்மா."

பதினோரு வருடம் காதில் விழாமல் பார்த்துக்கொண்டது விழுந்துவிட்டது. அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்துச் சொன்னாரா, வீடியோக்காரரை நான் மறைத்தேன் என்று சொன்னாரா, தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. போனை இறக்கவில்லை.

"இந்தப் பக்கந்தானுங்க வெளிச்சம்" என்றேன்.

நகரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் காவ்யா, மணவறையில் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்க: "அத்தை, பிளாஷ் கண்ணு கூசுதுங்க. அணைச்சுப்போட்டு அங்கயே நின்னு எடுங்க."

சுற்றிச் சிரிப்பு. அருமைக்காரரும் சிரித்தார். எனக்குப் பிளாஷை அணைக்கத் தெரியவில்லை. எத்தனையோ சோதித்தேன், அதைச் சோதிக்கவில்லை. பச்சைப் பட்டு அம்மா, "இங்க குடுங்க" என்று வாங்கி, ஒரு தட்டில் அணைத்து, திருப்பிக் கொடுத்தார். பக்கத்திலேயே நின்றார்.

கெட்டிமேளம். பதினேழு படம் எடுத்தேன். பதினேழிலும் தலைப்பூவும் நெற்றிச்சுட்டியும்தான். தாலி ஏறும்போது பெண் தலை குனிந்திருப்பாள். எனக்கும்தான் கட்டினார்கள், நானும் குனிந்துதான் இருந்தேன். இது எப்படி மறந்தது?

முகம் விழுந்தது ஒன்றே ஒன்று. முதலில் எடுத்தது.

பந்தியில் சரோஜா வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நங்கையா, இன்னொரு இட்லி வெக்கச் சொல்லட்டுமுங்களா?" வை என்றேன்.

ஜூன் 9, திங்கள்

வீடு. காற்று அடங்கியிருக்கிறது. ஏழாவது நாள்.

கடைக்குப் போகவில்லை. பெட்டியைக் கிழித்து உள் அட்டையை அலமாரித் தட்டுக்குப் போட்டாயிற்று.

அந்தப் படத்தைக் காலையில் காவ்யாவுக்கு அனுப்பியிருந்தேன். பதினொரு மணிக்கு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பேசினாள். நாலு பேர் எடுத்ததிலும் இப்படி ஒன்று இல்லையாம். அதைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம். ஒரே ஒரு குறை.

"ஓரத்துல அவங்க சின்னம்மா கை வந்துருக்குதுங்க அத்தை. வளையலோட, நீட்டிட்டு. போன்லயே அழிச்சுப்போடலாம், அழிச்ச இடமே தெரியாதுங்க. அழிச்சு அனுப்பட்டுமுங்களா?"

நானும் பார்த்திருந்தேன். பச்சைப் பட்டு அம்மாவின் நாலு விரல், இரண்டு வளையல், அந்தப் பக்கம் போகச் சொல்லி நீண்டபடி. படத்தில் நான் இல்லை. அந்தக் கை இல்லாவிட்டால் நான் எங்கே நின்று எடுத்தேன் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

இருக்கட்டும் கண்ணு என்றேன்.