ஈர ரோலுக்கு வந்த நோட்டீஸ்

ஜூன் 3

மாண்புமிகு அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ஆபீஸின் ஒரே சுழல் நாற்காலி நேற்று மதியம் தன் கடைசிச் சக்கரத்தையும் இழந்து இயற்கை எய்தியது. அப்போது அப்பா அதில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பெரிய காயமில்லை.

சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. கம்பெனியை மூடப் பார்க்கிறார்கள்.

பேப்பர் ரோல் கொடுத்த மில்காரர்கள் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்குள் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். அல்லது, 'இந்தப் பாக்கியே தகராறில் இருக்கிறது' என்று நாம் கோர்ட்டுக்குப் போய் நோட்டீஸை ரத்து செய்யக் கேட்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், கடன் கட்ட வக்கில்லாத கம்பெனி என்று சட்டமே முடிவு கட்டிவிடுமாம். அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியையே பெட்டி கட்டச் சொல்கிறார்கள்.

எந்த ரோலுக்கான பாக்கி என்று உனக்கே தெரியும். வெளியே காய்ந்து, உள்ளே ஊறி வந்ததே, அதேதான். இன்னும் ஷெட்டில் பூஞ்சை பூத்து நிற்கிறது. "நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்று போனில் சொன்னவர்கள் வரவே இல்லை.

இதில் அடியேன் திருப்பணியும் உண்டு. போன மாதம் விளையாட்டுக்கு 'இறுதி எச்சரிக்கை: சைக்கிள் டயர் பாக்கி' என்று டைப் அடித்து, சீல் குத்தி, அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். அதனால் நிஜ நோட்டீஸ் வந்தபோது அவர் முதல் வரியைப் பார்த்துவிட்டு, "பயலுக்கு வேற வேலையே இல்ல" என்று பசை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டார். ஒரு வாரம் போய்விட்டது.

டெலிவரி சீட்டில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கிற கையெழுத்து உன்னுடையது. அது எப்படி விழுந்தது என்று நீயே பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்கிறார் வக்கீல். அப்பா உன்னிடம் கேட்க மாட்டாராம். "அவள இதுல இழுக்காத" என்கிறார். ஆகவே நான் இழுக்கிறேன். அம்மா வழக்கம்போல யார் பக்கமும் இல்லை, டிவி பக்கம்.

இப்படிக்கு,
சம்பளமில்லா நிர்வாக இயக்குநர்

ஜூன் 7

வாலு,

நாற்காலிக்கு என் அனுதாபம். வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கம் மட்டும் போதவில்லை.

நம் ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியாததா? லாரிக்காரர் நிற்க மாட்டார். முதலில் கையெழுத்து, பிறகுதான் பிரித்துப் பார்ப்பது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு லோடுக்கும் அப்படித்தான். அன்றைக்குப் பிரித்தபோது தண்ணீர் சொட்டியது. ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அப்பா கேட்டார்: "கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? கையெழுத்துன்னா ஆட்டோகிராஃப்னு நெனச்சியா?" பெட்டி ஒட்டுகிறவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன். அந்த வாரமே இந்த வேலைக்கு வந்துவிட்டேன்.

இப்போது அதையே சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமா? அப்பா கேட்கட்டும். பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஒரு வரி போதும். அதுவரை என்னால் முடியாது. எனக்கு அலுத்துவிட்டது, கண்ணா.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 10

அக்கா,

கொட்டு முரசே! வேலை முடிந்தது. நேரே அப்பாவிடம் போனேன். மேசையில் ஓங்கி ஒரு தட்டு. "மகள் முக்கியமா, மானம் முக்கியமா?" என்றேன். மனிதர் அப்படியே பெட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். இப்போதெல்லாம் பேனா பிடித்தால் அவருக்குக் கை நடுங்குகிறது.

"அன்பு மகளே, அன்று நான் பேசியது தவறு. உன்மேல் குற்றமில்லை. அப்பாவை மன்னித்துவிடு."

எப்படி? இனி உன் ஆபீஸில் தகராறு என்றாலும் என்னிடம் அனுப்பு. முதல் சமரசம் இலவசம். நாள் நெருங்குகிறது, பத்திரத்தை உடனே அனுப்பு.

இப்படிக்கு,
சமாதானத் தூதுவர்

ஜூன் 13

தம்பிக்கு,

பத்திரம் இதோடு இருக்கிறது. அந்த மூன்று வரியையும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. அப்பா வாயில் 'அன்பு மகளே'யா! இன்னும் நம்ப முடியவில்லை.

எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறுதான் என்றும் எழுதிவிட்டேன். அவர் இறங்கி வந்த பிறகு எனக்கென்ன வீம்பு?

கை எத்தனை நாளாக நடுங்குகிறது? டாக்டரிடம் காட்டினீர்களா? இதற்கு மட்டும் விளையாடாமல் பதில் எழுது.

அக்கா

ஜூலை 8

அக்கா,

உன் பத்திரம் கெடு முடிவதற்குள் வந்து சேர்ந்தது. அன்றே மனு போட்டோம். நேற்று தீர்ப்பு. 'பாக்கியில் உண்மையான தகராறு இருக்கிறது, நோட்டீஸ் ரத்து' என்று நீதிபதி நாலு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். கம்பெனி பிழைத்தது. வெளியே வந்ததும் அப்பா வக்கீலிடம், "ஜெயிச்சுட்டோமா?" என்றார். "தோக்கல சார். அவங்க இனிமே சாதாரண வழக்கு போடலாம். அது தனி" என்றார் அவர். அப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மனு போட்ட அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். வக்கீல் ஆபீஸில் உன் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார் அப்பா. 'என் தவறு' என்ற இடத்தில் விரலை வைத்து, "இத அடிச்சுடுங்க" என்றார். பிரமாணம் செய்ததை அடிக்க முடியாது என்றார் வக்கீல். "அப்ப என்னோட பத்திரத்துல எழுதுங்க. லாரி நிக்குது, சீக்கிரம் போடு, சீக்கிரம் போடுன்னு உள்ள இருந்து கத்தினது நான். அவ பிரிக்கத்தான் போனா." வக்கீல் எழுதினார், அப்பா கையெழுத்துப் போட்டார். நேற்று நீதிபதி அந்த இடத்தைச் சத்தமாகப் படித்தார். நகல் அனுப்பியிருக்கிறேன், பார்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி. நின்றுகொண்டிருந்தால் அடிக்கத் தோன்றும்.

நான் மேசையைத் தட்டவே இல்லை. கதவு வரை போனேன். அப்பா அந்த ரோல்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். 'அன்பு மகளே' நான் எழுதியது. கை நடுங்குகிறது என்பதும் புளுகு. டைப் அடித்ததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் கை நன்றாகத்தான் இருக்கிறது. நான் இப்படி எழுதியது அவருக்கு இன்றுவரை தெரியாது. நீயாகவே அனுப்பினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "கேக்காமயே குடுத்துட்டா பாரு" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அவரிடம் நான் சொல்லட்டுமா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை அக்கா. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி