மூன்றாவது எச்சரிக்கை

சிசிலித் தீவு, கத்தானா
கோதுமை அறுவடைக் காலம்

எருசலேமில் நோன்பிருக்கும் எஜமானி அவிதா அம்மா அவர்களுக்கு, முன்பு உங்கள் நெசவுக்கூடத்து அடிமையாக இருந்து உங்கள் கையால் விடுதலை பெற்ற எவோதியா எழுதுவது. நீங்கள் நலம் என்று கேள்விப்பட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன். கப்பலேறும் திருத்தொண்டர் ஒருவர் இதைக் கொண்டுவருகிறார்.

ஊரில் உங்கள் பேச்சுதான். பட்டு உடுத்தியவள் இப்போது ஆட்டுமயிர்த் துணி உடுத்துகிறாளாம், சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம் என்று தேவாலயத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நானும் அழுதேன். என் காரணம் வேறு.

போன திராட்சை அறுவடைக்குப் பிறகு, தேவாலயத்தில் ஆயர் முன்னிலையில் நெசவுக்கூடத்துப் பெண்களை விடுதலை செய்தீர்கள். என் கன்னத்தில் முத்தமிட்டீர்கள். அதே வாரம் மலைப்பண்ணையை உங்கள் தம்பி ருஸ்திகுஸுக்கு விற்றீர்கள். பண்ணை என்றால் வயலும் எருதும் மட்டுமா? அங்குள்ள அடிமைகளும் சேர்த்துத்தானே விற்பனை. அங்கே ஏர் பிடிக்கும் விதாலிஸ் என் கணவர். அவருக்கு உதவியாக ஆடு மேய்க்க நீங்களே அனுப்பிவைத்த கலிஸ்தி, பதினோரு வயது, என் மகள். பத்திரத்தில் முத்திரை வைத்த மோதிரம் உங்கள் விரலில்தானே இருந்தது? எந்த ஏழையின் வயிற்றுக்குள், அம்மா, என் மகள் ரொட்டியாகப் போனாள்?

விவரம் தெரிந்து துறைமுகத்துக்கு ஓடியபோது உங்கள் கப்பல் போய்விட்டது. அங்கிருந்து பண்ணைக்கு நடந்தேன். கங்காணி தலாசியுஸ் வாசலிலேயே மறித்தான். “அடடே, இப்ப நீ பெரிய மனுஷியாச்சே! விருந்துக்கு வந்தியா?” என்றான். என் பிள்ளையைக் கொடு என்றேன். “உன் பிள்ளையா? நீ பெத்தப்போ நீயே அடிமை. கன்னுக்குட்டி பசுவோட சொத்தா? பசுவை வச்சிருக்கறவங்க சொத்து” என்று சிரித்தான்.

நான் திரும்பவில்லை. விதாலிஸும் மகளும் இருந்த குடிசையிலேயே தங்கிவிட்டேன். குளிர்காலம் முடியும்போது கங்காணி இரண்டு சாட்சிகளோடு வந்து ஓர் அறிவிப்பை வாசித்தான். பிறருடைய அடிமையோடு வாழும் சுதந்திரப் பெண்ணை அடிமையின் எஜமானர் மூன்று முறை எச்சரிக்கலாமாம். மூன்றாவதற்குப் பிறகும் அவள் விலகாவிட்டால், அவளும் அவருக்கு அடிமையாம். பாஸ்கா பண்டிகை முடிந்ததும் இரண்டாவது முறை வாசித்தான். நீங்கள் கொடுத்த விடுதலை இவ்வளவுதான். கட்டியவனை விட்டுப்போனால் எனக்கு உண்டு, அவனோடு படுத்தால் இல்லை.

அதைக் கேட்ட பிறகு விதாலிஸ் சரியாகச் சாப்பிடவில்லை. “உன்னையாவது விட்டாங்களே, போயிடு” என்பார். மறுநாள், “மூணு பேரும் போயிடலாம்” என்பார். களத்தில் எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு மதியம் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் துறைமுகத்தில் காத்திருந்தேன். வழியில் ஆற்றுப் பாலத்திலேயே பண்ணையின் குதிரைக்காரர்கள் அவர்களைப் பிடித்துவிட்டார்கள்.

இப்போது அவர் கழுத்தில் இரும்பு வளையம், கழற்ற முடியாதபடி ஆணி அடித்து முடுக்கியது. கிறிஸ்துவின் அடையாளத்தைச் செதுக்கி அதன் கீழே ஏதோ எழுதியிருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. “என்னடி எழுதியிருக்கு?” என்று கேட்டார். “நான் ஓடிப்போனவன், என்னைப் பிடித்து ருஸ்திகுஸிடம் ஒப்படையுங்கள்” என்று இருந்தது. ஏதோ ஜெபம் என்று பொய் சொன்னேன். கலிஸ்தி பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆயரிடம் போய் அழுதேன். “சட்டம் அப்படி இருக்கு மகளே, ஜெபம் பண்ணு” என்றார். பண்ணியாச்சு, இனி என்ன செய்ய என்று கேட்டேன். “அக்கா எழுதினா தம்பி தட்டமாட்டார்” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு எழுத எனக்குக் கை வராது.

எவோதியா யார் என்று யோசிக்கிறீர்களோ என்னவோ. என் அம்மா நம் இருவருக்கும் ஒரே சமயத்தில் பால் கொடுத்தவள். முதலில் நீங்கள் குடித்தீர்கள். மிச்சம் எனக்கு. அதற்காக நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கங்காணி மூன்றாவது முறை வருகிறான். ஓடிப்போம்மா என்று கலிஸ்தி அழுகிறாள். இரும்பு உரசிப் புண்ணான கழுத்துக்கு நான் எண்ணெய் தடவும்போது விதாலிஸ் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் இந்தக் குடிசையில்தான் இருப்பேன், அவன் வாசித்து முடிக்கட்டும்.

எனக்காக எதுவும் எழுத வேண்டாம். கலிஸ்தியை விடுவிக்கச் சொல்லி உங்கள் தம்பிக்கு ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் அவருக்காக இன்னொன்று. அதில் உங்கள் முத்திரை இருக்கட்டும். உங்கள் ஜெபங்களில் என்னை நினைக்க வேண்டாம்.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். என் மகள் வளர்ந்து, கடல் தாண்டி, உங்கள் கதவைத் தட்டி, இதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும்வரை நீங்கள் நன்றாக இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வரை சுதந்திரப் பெண்,
எவோதியா