கறுப்பு விளிம்பு வைத்த போர்டு

இன்று மதியம் சோறு பிசையும்போது நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தது. மூன்று நாளாகச் சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத கார்பன் தூள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மூடிவைத்தேன். நாம் சர்ஃப் போர்டு செய்கிற ஷெட்டுக்குள் நாலு நடை நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். உன்னிடம் பேசாமல் இது அடங்காது. நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, இருந்தாலும் எழுதியாவது பேசித்தான் ஆகவேண்டும்.

நாம் போட்ட சண்டையில் பாதிக்கு மேல் இந்தக் கார்பன் இழைத் துணிக்குத்தான். நான் குளச்சலில் வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டிப் பழகியவன். எனக்குப் பலம் என்றால் கனம். இன்னொரு துணி, இன்னொரு பூச்சு ரெசின் பசை. நீ போனக்காட்டுத் தேயிலைக்குள் பிறந்துவிட்டு, பத்தொன்பது வயதில் கோவளத்து அலையில் முதன்முதலாகக் கால் வைத்தவன். அதற்குப் பிறகு உன்னைத் திரும்ப மலையேற்ற உன் வீட்டாரால் முடியவில்லை. சர்ஃப் போர்டின் இரண்டு பக்கமும் உருண்டு போகிற விளிம்பை, நாம் ரெயில் என்று சொல்வோமே, அதில் இரண்டு விரல் அகலத்துக்குக் கார்பன் பட்டை ஒட்டவேண்டும் என்பது உன் பிடிவாதம்.

"தெர்மாகோல் போர்டுக்கு நடுவுல மரம் இல்ல. திருப்பத்துல தொய்ஞ்சு போகுது. கார்பன் வச்சா வளைஞ்ச வேகத்துல நிமிரும். மனசிலாயோ?" என்பாய்.

"பாறையில இடிச்சா பொட்டுன்னு தெறிக்கும் மக்கா. கண்ணாடி இழைத் துணின்னா நசுங்கும், ஒட்டிரலாம். இத யாரு ஒட்டுவா? நான்தானே?" என்பேன்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். நீ துள்ளலைப் பற்றிப் பேசினாய், நான் அடியைப் பற்றிப் பேசினேன். இன்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், பார். அன்றைக்கு ஒருவனாவது வாயை மூடிக்கொண்டு மற்றவனைக் கேட்டிருந்தால்தானே.

கடைசியில் நீ என்னைக் கேட்காமல் உன் சொந்தப் போர்டுக்கே கார்பன் வைத்தாய். மறுநாள் கொப்புளம் கொப்புளமாகப் பட்டை எழும்பி நின்றது. அது ஏன் எழும்பியது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று நீ உப்புத்தாள் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். எனக்கு ஊரில் கோயில் கொடியேற்று, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நீ பூசிய ரெசின் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. அதைக் காயவைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று போர்டைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்தேன். வள்ளத்தை அப்படித்தானே வெயிலில் போட்டு இறுக்குவோம். கை பழகின வேலை, யோசிக்கவே இல்லை. கறுப்பு விளிம்பு வெயிலைக் குடித்துக் கொதித்திருக்கிறது. தெர்மாகோலுக்குள் இருந்த காற்று வீங்கிப் பட்டையைத் தூக்கிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஓரம் முழுக்க நாசம்.

அதுவரை நடந்தது அறியாமை. அதற்கப்புறம் செய்ததுதான் அயோக்கியத்தனம். போர்டை இறக்கி அதே இடத்தில் வைத்தேன். நீ வந்ததும், "பாத்தியா? கார்பன் நம்ம ஊருக்கு ஆவாதுன்னு தலையால அடிச்சேனே" என்றேன். நீ குனிந்து, விரல் கணுவால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போனாய். எல்லா இடத்திலும் பொள்ளல் சத்தம். முகம் சுருங்கிப்போனது.

"சரிடா, நீ ஜெயிச்ச. கணபதிக்கு ஒரு தேங்கா உடைக்காம தொடங்கினேன், அதாக்கும்" என்றாய்.

மறுநாள் பழவங்காடிக் கணபதி கோயிலுக்குப் போய் உடைத்துவிட்டும் வந்தாய். நான் செய்த தவறுக்கு நீ தேங்காய் உடைத்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வேன்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டேன் என்று ஊர்வரை சந்தோஷப்பட்டவன் நான். எழுதவே கூசுகிறது.

அதன் பிறகு நீ கார்பன் பேச்சையே எடுக்கவில்லை. நான் துணி மேல் துணி ஒட்டிக் கனமாக்கித் தந்த போர்டில்தான் நாலு வருடம் அலையேறினாய். கேட்டவர்களிடமெல்லாம், "வேண்டாம், இவன் பாத்துட்டான்" என்று என்னைக் கைகாட்டினாய்.

போன மாதம் உன் தங்கை செல்வி ஷெட்டுக்கு வந்தாள். நீ வடிவம் செதுக்கி, துணி ஒட்டாமல் விட்டுப்போன கடைசிப் போர்டைத் தலையில் சுமந்து வந்தாள். கோவளத்துக்கு வருகிறவர்களுக்கு நீ சொல்லிக்கொடுத்த இடத்தில் இப்போது அவள்தான் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறாள். அதை முடித்துத் தரச் சொன்னாள்.

"கார்பன் மட்டும் வேண்டாம்ணே. ஆஸ்பத்திரில கெடக்கையிலகூட எங்கண்ணன் சொன்னுச்சு, அவன் பரீட்சை பண்ணிப் பாத்தவன், அவன் வாக்கு மதி, அதுவே போதும்னு."

மூன்று நாள் அந்தப் போர்டைத் தொட முடியவில்லை. வேறு வேலையும் ஓடவில்லை. எதையோ எடுக்கப் போய் எதற்குப் போனேன் என்று மறந்து நிற்பேன். நாலாம் நாள் அவளை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, பஸ், தேங்காய், எதையும் விடவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எங்கண்ணன் இருக்கும்போதே சொல்லிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "கார்பன் போடுங்க. நிழல்ல காய வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போட்டேன். நிழலில் வைத்து, பக்கத்திலேயே காவல் இருந்தேன். இன்று காலை அவள் அதை அலைக்குள் கொண்டுபோனாள். நான் கரையில் நிற்க முடியாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது அலையில், திருப்பத்தில் அழுத்தினாள். போர்டு வளைந்தது தெரிந்தது. அடுத்த கணம் அவளை முன்னால் எறிந்தது.

மூச்சு வாங்கக் கரையேறி வந்தவள், "அண்ணே, இதத்தான் அது சொல்லிக்கிட்டே இருந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இனி யாராவது வந்து கார்பன் வைப்பது பிரயோசனமா என்று கேட்டால் பதில் இருக்கிறது. பாறையில் அடி தாங்கும் என்று நம்பி வைக்காதே, துள்ளலுக்கு வேண்டுமானால் வை, வெயிலில் போடாதே. அதோடு, நான் ஒன்றைக் கெடுத்த கதையையும் சொல்வேன், யாருடையது என்றும் சொல்வேன். ஆனால் அந்தத் துள்ளலை உன் கால் ஒரு நாள்கூட அறியவில்லை. நாலு வருடம் உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது. நான்தான் எடுத்துக்கொண்டேன்.