வருமானத்தில் சேராத நோயாளி

பிரின்டரிலிருந்து வந்த தாள்கள் இன்னும் சூடாக இருக்கின்றன. இந்த மணம் உனக்குப் பிடிக்கும். பேக்கரிக்குள் நுழைந்தவள் மாதிரி தாளை மூக்கருகே பிடித்துக்கொள்வாய். நம் ஆஸ்பத்திரிக் கம்பெனியின் காலாண்டுக் கணக்கு இன்று காலை பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. கணக்குகள் சட்டப்படி தயாரிக்கப்பட்டவை என்று உறுதி சொல்லும் வரிக்குக் கீழே, இத்தனை வருடமாக உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. பிரதம நிதி அதிகாரி. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே, இனியாவது உன் பொறாமை தீர்ந்ததா என்று கேட்பாய். தீரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதுளையில் உயர்தர வகுப்புக்குப் போனபோது, வணிகப் பிரிவில் முதலிடம் எனக்குத்தான் என்று இருந்தேன். அப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை, எனக்கு இரண்டு டியூஷன். நீ ஹாலிஎலவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, ஒரு டியூஷனும் இல்லாமல் என்னை இரண்டாவது ஆக்கினாய். "அந்தப் புள்ளையப் பாரு" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அந்தப் புள்ளையைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் படிப்பு ஏறவில்லை போல. கணக்காளர் பரீட்சையிலும் நீ முன்னால், நான் பின்னால். ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். உனக்குக் கொழும்புத் தலைமையகம், எனக்குப் பதுளைக் கிளை. ஒரு தடவை நீ முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாய். அதுகூட உனக்கு எடுப்பாக இருந்தது. வயிறு எரிந்துபோனேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நம் இருவருக்கும் தலை சுற்றும். ஆண்டுக் கணக்கென்றால் தணிக்கையாளர்கள் வருவார்கள், அவகாசமும் இருக்கும். காலாண்டுக்கான இடைக்காலக் கணக்குக்கு இரண்டும் இல்லை. பல இடங்களில் மதிப்பிட்டுத்தான் போட வேண்டும். பங்கு வாங்குகிறவர்களோ அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இதில் பெரிய வில்லங்கம், காலாண்டு முடியும் நாளில் வார்டில் படுத்திருப்பவர்கள். அவர்களுக்கு வீட்டுக்குப் போகும்போதுதான் பில். ஆனால் அன்றுவரை பார்த்த வைத்தியம் முடிகிற காலாண்டில் சேர வேண்டும். கொழும்பில் நீங்கள் ஒரு சராசரியைப் போட்டு ஒப்பேற்றினீர்கள். நான்தான் தாதியைக் கூட்டிக்கொண்டு வார்டு வார்டாக நடந்து, ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து எழுதினேன். உனக்கு அது பிடித்துப்போய் எல்லாக் கிளைகளிலும் கொண்டுவந்தாய். பணிப்பாளர் சபை உன்னைப் பாராட்டியது. பதுளையில்தான் இது ஆரம்பித்தது என்று அவர்களிடம் சொன்னதாகப் போனில் ஆறுதல் சொன்னாய். பதுளை என்பது ஊர். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதே. ஒரு நாளாவது உன் நாற்காலியில் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் மனதில் விழுந்தது.

பிறகு நீ நோயோடு வந்து சேர்ந்தாய். கொழும்பில் அத்தனை பெரிய டாக்டர்கள் இருக்க, உன் அம்மா ஹாலிஎலவிலிருந்து வந்துபோக வசதி என்று நம் கிளையிலேயே இடம் கேட்டாய். தாதிகளெல்லாம் வேலை முடிந்தும் உன் அறையிலேயே நின்றார்கள். இத்தனை வருடம் அங்கே இருக்கிற என்னோடு யாரும் அப்படி நின்று பேசியதில்லை. நோயாளியைப் பார்த்தும் பொறாமைப்படுகிற ஜென்மம் நான், என்ன செய்ய.

காலாண்டு முடிந்த அன்று பட்டியலோடு உன் அறைக்கும் வந்தேன். நீ கண்ணை மூடித்தான் படுத்திருந்தாய்.

"என்னைய எதுல போட்ட?"

"மத்தவங்க மாதிரித்தான். வருமானத்துல."

"நான் ஸ்டாஃப்டி. எனக்கு வைத்தியம் ஃப்ரீ. யாரும் காசு கட்டப் போறதில்ல. நான் வருமானமில்ல, செலவு. மாத்திப் போடு."

நீ சொன்னது சரி. அதுதான் எரிச்சல். மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறவள் என் கணக்கில் பிழை பிடிக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் முன்னாலேயே வெட்டி எழுதினேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாக மாறியது. தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அந்தக் கணக்கு வெளியாகும் முன்பே போய்விட்டாய். கொழும்பில் தற்காலிகமாக ஒருவர் கையெழுத்துப் போட்டார். கணக்கோடு போகும் குறிப்புகளை எழுத ஆளில்லாமல் என்னிடம் அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் போடுகிற வரி ஒன்று உண்டே: காலாண்டு முடிந்த பின்னர், கணக்கில் திருத்தம் செய்யவோ வெளிப்படுத்தவோ வேண்டிய நிகழ்வு எதுவும் ஏற்படவில்லை. அதைத் தட்டிவிட்டு, நீ போனதை எங்கே எழுதுவது என்று குறிப்புகளை மறுபடி புரட்டினேன். விதிப்படி அந்த வரியில் பிழையில்லை. நீ இருந்திருந்தாலும் அதில் கைவைத்திருக்க மாட்டாய். அப்படியே அனுப்பினேன்.

உன் நாற்காலிக்குப் பெரிய போட்டி. வெளிநாட்டில் படித்தவர்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நானும் விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் வெளுத்து வாங்கினேன் என்றுதான் நினைத்தேன். வேலை கிடைத்தபோது, முதல் தடவையாக உன் தயவில்லாமல், உன் நிழலில்லாமல் ஒன்று எனக்குக் கிடைத்தது என்று பதுளை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வேலை ஏற்ற வாரத்தில், தேநீர் குடிக்கும்போது பணிப்பாளர் சபைத் தலைவர் சொன்னார். வார்டிலிருந்து நீ அவருக்குப் போன் பண்ணினாயாம். எனக்குப் பிறகு இவளைப் போடுங்கள், இவள் என்னோடு சண்டை பிடிப்பாள், உங்களோடும் பிடிப்பாள், கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றாயாம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். நான் அந்தக் கட்டிலில் கிடந்து, நீ பட்டியலோடு வந்து நின்றிருந்தால், உன் பெயரை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அது நன்றாகத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்துதான் போனை எடுத்திருக்கிறாய். மார்க்கில் முந்தினாய், பதவியில் முந்தினாய், ஒரு நாள் ஓடிப் பிடித்துவிடலாம் என்று இருந்தேன். இதில் உன்னை எப்படிப் பிடிப்பது, நீயே சொல்லுடி.