ஜில்லாவிலேயே நன்றாகச் செத்தவனுக்கு

அக்காவுக்கு ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, ஒன்பது பிள்ளைகளின் அட்டகாசத்தைத் தனியாளாகச் செய்து முடித்த என் மருமகன் ஏழுமலைக்கு,

திருவள்ளூரிலிருந்து உன் மாமன் எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் தபால்காரர் உண்டா, தெரியவில்லை. இருந்தால் சொல்லி வை, இந்த உறை கொஞ்சம் கனக்கும். உள்ளே பெருமையைத் திணித்திருக்கிறேன்.

சேதி இதுதான். போன வாரம் நீ டி.வி.யில் செத்தாய்.

நிஜமாக உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. அதற்கு முன்னால் மெட்ராஸ் டி.வி. நிலையத்துக்குப் போய்ப் பட்டறைப் பையன்கள் நீங்கள் நடித்துக் கொடுத்தீர்களே, அந்த நாடகத்தை இப்போதுதான் போட்டார்கள். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. டி.வி.க்காரர்களுக்கு அது தெரியுமா என்ன?

பெருமாள் கோயில் மடப்பள்ளி சுவாமி வீட்டில்தான் ஊரே உட்கார்ந்திருந்தது. அவருடைய மூத்த பிள்ளை வாங்கி அனுப்பிய பெட்டி. ஆன்டெனாவின் உயரத்தைச் சொன்னால் நம்ப மாட்டாய். மீனம்பாக்கத்துக்கு வந்த விமானம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது. கூட்டமோ, ஆர்.கே.பேட்டை காலி, கும்மிடிப்பூண்டி காலி, எல்லை தாண்டி ஆந்திராவில் பாதி காலி.

எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்று. உங்கம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் கண்ணெதிரே நாடகத்தில் வரும் கொலைகாரன் உன்னைக் கொல்லுவான். நம் ஜனம் விசில் அடிக்கும்.

அடிக்காமல் இருந்ததுண்டா, சொல். அந்த ஆள் நிஜத்தில் நடமாடிய காலம் உனக்கு நினைவிருக்கும். ரயில் பாதையோரம் வெட்டவெளியில் தூங்குகிறவர்களைத் தேடித் தேடிக் கொன்றான். அவனைப் போலீஸ் பிடிக்கும் வரைக்கும் வேகாத வெயில் காலத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே புழுங்கினோம். பயம் தெளிந்ததும் நம் ஊருக்கு முதலில் என்ன வேண்டியிருந்தது? அவனையே மேடையில் பார்க்க வேண்டியிருந்தது. அது என்ன ஆசையோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

காக்களூர் பட்டறைப் பையன்கள் நீங்கள் அதை நாடகமாகப் போட்டீர்கள். உன்னோடு கடைசல் மெஷினில் நின்ற தணிகாசலம்தான் கொலைகாரன். அவன் சிரித்த சிரிப்புக்கு மாலை மாலையாக விழுந்தது. தெருப் பிள்ளைகள் அதே மாதிரி சிரித்துக்கொண்டு கோழிகளைத் துரத்தின. சலூன்காரர் அவன் கிராப்புக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். மூட்டை தூக்குகிறவனாக வந்து, படுத்து, செத்து, திரை விழும் வரை கிடக்கும் உன்னை ஒரு நாய் கூடக் கவனிக்கவில்லை. நான் கைதட்டியிருப்பேன். பிணத்துக்கு எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஒருநாள் முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"மாமா, செத்தவன் யாருன்னு ஒருத்தன் கூட கேக்கலியே மாமா."

"கேட்டா இன்னா சொல்லுவ?"

"எனுக்கும் தெரியாது. அதான் பேஜாரா கீது."

அடுத்த லீவு நாளில் கவரைப்பேட்டைக்குப் பஸ் ஏறினாய். செத்துப்போனவர்களில் ஒருவர் அந்த ஸ்டேஷன் பக்கம் மூட்டை தூக்கியவர். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டு வந்தாய். அந்த டீக்கடைக்காரர் சொன்னதை வாசலிலேயே நின்று என்னிடம் சொன்னாய்.

"அவருக்கு ஒரே ஒரு போர்வ மாமா. யாரு வந்து பக்கத்துல நின்னாலும் நகுந்து படுத்துக்கினு பாதிய உட்டுருவாராம். கொன்னவனுக்கும் அப்டித்தான் உட்டுருப்பாரு."

அதற்கப்புறம் நீ மேடையில் வேறு ஆளாகப் படுத்தாய். போர்வையை உதறி விரித்தாய். கொலைகாரன் வந்து நின்றதும் கண்ணைத் திறந்து பார்த்தாய், நகர்ந்து படுத்தாய், காலியான பாதியைக் கையால் தட்டிக் காட்டினாய். சிலர் சிரித்தார்கள், சிலர் வாயை மூடினார்கள். விசில் மட்டும் நிற்கவில்லை.

டி.வி. நிலையத்தில் நேரம் போதாது என்றார்களாம். படுக்கிற இடத்தை வெட்டிவிடலாம் என்று தணிகாசலமே சொன்னானாம். நீ என்ன பதில் சொன்னாய் என்பதை அவனே அப்புறம் என்னிடம் சொன்னான். "என் வசனத்தெல்லாம் எட்துக்கங்க சார். படுக்கறத மட்டும் உட்ருங்க." உலகத்தில் எந்த நடிகன் தன் வசனத்தைத் தானே கொடுத்துவிட்டுப் படுக்கை கேட்டான்? சொல், நான் அவன் காலில் விழுகிறேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். உங்கம்மாவை வர விடாமல் செய்ய நான் சொல்லாத பொய் இல்லை. பெட்டி வெடித்துவிட்டது என்றேன். ஆன்டெனாவைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன்.

"காக்கா இன்னா, உன் மூளையத்தான் தூக்கிக்கினு போச்சு," என்றாள். "நடடா."

நாடகம் ஆரம்பித்தது. தணிகாசலத்தின் முகம் வந்ததுமே விசில் பறந்தது. மேடையில் கேட்டதைவிட நாலு பங்கு, ஏனென்றால் இப்போது அவன் பெட்டிக்குள் இருக்கிறான். சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே பையன்கள் சிரித்துக் காட்டினார்கள். நான் உங்கம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் நீ வந்தாய்.

கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் இளைத்துத் தெரிந்தாய். போர்வையை உதறினாய். "நம்ம ஏழுமலடி" என்று யாரோ ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார். படுத்தாய். அவன் வந்து நின்றான். நகர்ந்து படுத்து, போர்வையைத் தட்டினாய்.

"டேய், அவனுக்கு எடம் குடுக்காதடா," என்று முன் வரிசையில் ஒரு கிழவர் பெட்டியைப் பார்த்து அதட்டினார். மேடையாக இருந்தால் நீ சிரித்திருப்பாயோ?

கடப்பாரை மேலே போயிற்று. மடப்பள்ளி சுவாமி எழுந்தார், பட்டென்று பெட்டியை அணைத்தார். வேஷ்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கம்மா பக்கம் திரும்பினார். "வேண்டாம்மா. பெத்தவ இதைப் பார்க்கப்படாது. எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உங்கம்மாதான் பேசினாள்.

"போடுங்க சாமி. எம் புள்ள இன்னும் வேலைய முடிக்கல."

"மனசு தாங்குமா, அம்மா?"

"அவன் தாங்கினான் இல்ல. போடுங்க."

போட்டார். அந்தப் பெட்டிக்கு முதலில் குரல்தான் வரும், படம் ஆற அமர வரும். இருட்டுக்குள்ளிருந்து தணிகாசலத்தின் சிரிப்பு கேட்டது, நம் ஜனங்கள் மாலை போட்ட அதே சிரிப்பு. யாரும் கூடச் சிரிக்கவில்லை. படம் தெளிந்தபோது அவன் நடுவில் நின்று வசனம் பொழிந்துகொண்டிருந்தான். நீ மூலையில் கிடந்தாய். உன் பக்கத்தில் பாதிப் போர்வை காலியாக இருந்தது.

உனக்கு இதை எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டில் இருந்த ஒரு கண் கூட அவனைப் பார்க்கவில்லையடா. எல்லோரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். விசில் அடிக்க வாயில் விரல் வைத்திருந்த பையன், எடுக்க மறந்து அப்படியே இருந்தான். உங்கம்மா எழுந்து கிட்டே போய், கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் குனிந்து நின்றாள். முடியும்வரை நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, ஜில்லாவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அசையவே இல்லடா. எம்மா நேரம். கண்ணிம கூட அசையல."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தக் குரல், நீ எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாளே, அந்தக் குரல். என் நெஞ்சு விம்மியதில் சட்டைப் பொத்தான் தெறித்து அரக்கோணத்தில் விழுந்தது. யாரேனும் எடுத்து வைத்திருந்தால் வாங்கி வர வேண்டும்.

தணிகாசலம் வாசற்படியில் நின்றே பார்த்திருக்கிறான். வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டான். "என் சிரிப்புக்கு விசில் வராதது இன்னிக்குத்தாண்ணா. அவன் கெலிச்சுட்டான்."

தெருவில் இப்போது உனக்குப் பெரிய கிராக்கி. பிள்ளைகள் அதே நாடகத்தைத்தான் ஆடுகின்றன, ஆனால் படுக்கிறவனாக யார் வருவது என்று அடிதடி. கொலைகாரனாக வர ஆள் கிடைக்காமல் நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். முடியாது, நானும் படுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கம்மா அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று கேட்டாள்.

"எம் புள்ளைய இத்தினி பேரு பாத்தாங்க. அந்த மூட்ட தூக்கினவரு ஊட்ல யாருனா கீறாங்களா? அவருக்கோசரம் யாரு பாத்தாங்க?"

விசாரித்தேன். மனைவி இருக்கிறார். பெட்டி கிடையாது, நாடகம் வந்ததே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கம்மாவும் கவரைப்பேட்டைக்குப் போகிறோம். அவருடைய புருஷன் யாருக்கும் இடம் விட்டுப் படுக்கிற மனுஷர் என்பது இங்கே ஒரு ஊருக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு வரப் போகிறோம்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன் மாப்ளே, என் ஆயுசில் முதல் தடவையாக. அந்த அம்மாவின் எதிரில் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். விமானம் கிடையாது, ஆந்திரா கிடையாது. அவர் புருஷன் செய்ததை நீ அப்படியே செய்தாய், நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவ்வளவுதான் சொல்வேன்.

உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டு, உன்னைவிடச் சத்தமாக அழுத
உன் தாய்மாமன்