பக்கம் நாற்பத்தொன்று, ஒன்பதாம் வரி

மார்ச் 4

மன்னிக்கணும், நோட்டே. நாள் முழுக்க அச்சகத்தில் அடுத்தவர்கள் எழுதியதில் பிழை பார்க்கிறவள், தனக்கென்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாயால் சொல்ல வராததால் இங்கே வந்தேன்.

அப்பாவின் படைப்பிரிவுக்காரர்கள் போர் நினைவுகளைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எங்கள் அச்சகத்தில்தான் வேலை. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். “நான் சொல்றேன், நீ எழுதிக்கம்மா. காலேஜ் முடிச்சவ வீட்ல இருக்கறப்ப எனக்கென்ன?”

மார்ச் 6

அப்பா சொன்னது: பீரங்கி ஷெல் விழுந்த பள்ளம். இரண்டு நாள். அப்பாவும், கால் சிதைந்த எதிரிச் சிப்பாய் ஒருவனும். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. மேலே அப்பாவின் கூட்டாளி இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கிடந்து, முதல் நாள் முழுக்க அம்மாவைக் கூப்பிட்டாராம். மறுநாள் சத்தமில்லை. இருந்த ஒரு குப்பித் தண்ணீரைப் பள்ளத்தில் இருந்த இருவரும் மூடியால் அளந்து குடித்திருக்கிறார்கள். அவன் உள்ளங்கையைத் தரையிலிருந்து மூன்று உயரத்தில் வைத்துக் காட்டினான். மூன்று பிள்ளைகள்.

மூன்றாம் நாள் காலை நம் ஆட்களின் குரல்.

“அவன் கையைத் தூக்கிட்டான்மா. நான் சுட்டேன். எதிரியோட தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தியான்னு நம்மாளுங்க கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். அவ்வளவுதான்.”

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்ப்பா.”

அப்போது எழுதித்தான் இருந்தேன்.

மார்ச் 11

அச்சகக் கணினியில் அடிக்கும்போது, அப்பா சுட்ட இடத்தில் விரல் நின்றது. பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். “உங்கப்பாவுதா? முடிச்சதும் குடு, நான்தான் முதல்ல படிப்பேன்.”

‘காயம் முற்றி, விடியலில் அவன் என் மடியில் இறந்தான்’ என்று அடித்தேன்.

மடி எங்கிருந்து வந்தது?

அப்பாவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பொய். அக்கா என்னை இனி எப்படிப் பார்ப்பாள் என்றுதான் —

ஏப்ரல் 2

அச்சேறும் முன் சரிபார்க்கிற புரூஃபை அப்பாவிடம் காட்டவில்லை.

ஏப்ரல் 19

வெளியீட்டு விழா. அவர்களுடைய பழைய கேப்டன் அந்தப் பக்கத்தைத்தான் வாசித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. அப்பாவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேடையில் கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

படையில் லாரி ஓட்டியவர் அப்பாவின் முதுகில் தட்டினார். “ஏன்டா, பீடி கேட்டா பாதியா கிள்ளிக் குடுப்ப. எப்படா இவ்வளவு நல்லவன் ஆன?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

ஏப்ரல் 20

அப்பா ஜன்னலருகே, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றில் விரல் நின்றது. திரும்ப அதே வரி. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. அவனுக்கு இப்படியே முடிஞ்சிருந்தா…”

புத்தகத்தை மூடிவிட்டார்.

ஏப்ரல் 27

அம்மா: “ஒரே வீட்ல இருந்துகிட்டு ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லி அனுப்பறீங்க. நான் என்ன தபால்காரியா?”

நான் செய்தது அம்மாவுக்குத் தெரியாது.

மே 3

வரியை நான் மாற்றியதை அச்சக முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தலைகுனிந்து வாங்கிக்கொள்ள நிறைய இருந்தது. கடைசியில், “பாதிக் கட்டு இன்னும் பிரிக்கல. பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம். கேப்டன்கிட்ட நான் பேசறேன். உங்கப்பா சம்மதிக்கணும்” என்றார். பக்கத்து மேஜை அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.

மாதிரிச் சீட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ‘பக்கம் 41, வரி 9. கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்கவும்.’ அதற்குக் கீழே வெறும் தாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“நான் சொன்னதை எழுதப்போறியா, திருத்தப்போறியா?”

பேனாவை எடுத்தேன்.

“நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம்ப்பா. ஆனா என் ஞாபகத்துல இருந்து எழுத வேண்டாம். இன்னொரு தடவை நீங்களே சொல்லுங்க. அப்படியே எழுதறேன்.”