கீழே கிடந்ததெல்லாம் இடிபாடு

1996 நவம்பர் 19, செவ்வாய்

இரண்டாமாண்டு விடைத்தாள்கள். நொய்யல் எங்கே உற்பத்தியாகிறது என்பதற்கு ஆளுக்கொரு மலையை எழுதியிருக்கிறார்கள். குழாயில் இன்னும் செம்மண் கலர்த் தண்ணீர்தான். ஏரிக்கரை உடைந்து ஒரு வாரமாகிறது. ஓடைவீதி முழுக்கச் சேறும் சுவருமாகக் கிடக்கிறது.

மாலையில் கொழுந்தன் வெங்கடபதி வந்தார். எங்கள் வீட்டுத் தெலுங்கில் நான் அவருக்கு 'வதினா', அண்ணி. போன மாதம் நகராட்சித் தலைவரானதிலிருந்து அவர் வேட்டி மடிப்புக் கலைவதில்லை. வெள்ளத்திலும் கலையவில்லை. ஓடைவீதியை அள்ளிச் சுத்தம் செய்யப் பணம் வருகிறதாம். அள்ளுகிறவனை மேற்பார்வை பார்க்க வெளியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் கம்பெனியை வைக்க வேண்டுமென்று மேலிடத்து விதியாம். அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி, அதில் நான். பார்க்கிறவனைப் பார்க்க நாங்கள். எங்களை யார் பார்ப்பது?

"நீங்க வந்து உக்காந்தாப் போதுங்க வதினா. காலேஜ் புரொபசர் இருக்கறாங்கன்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

என் வாயும் அதில் சேர்த்திதானா என்று கேட்கவில்லை.

நவம்பர் 21

வீடிழந்தவர்களைத் தங்க வைத்திருக்கும் பள்ளிக்கூட வராந்தாவில் தெய்வாத்தாளைப் பார்த்தேன். எட்டாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். அவளுடைய இட்லிக் கடையும் வீடும் ஒன்றாக விழுந்துவிட்டன.

"ஏம் புள்ள பங்காரு, தலமேல உழுகாம உட்டுச்சே, அதுக்கே பொங்க வெக்கோணும்" என்று சிரித்தாள்.

உத்திரமும் கதவும் தேக்கு. ஓடுகளும் பெரும்பாலும் உடையவில்லை. அவை இருந்தால் மண்சுவரை எழுப்பித் தைக்குள் அடுப்பு மூட்டிவிடுவாளாம். அவை போனால் இந்த ஊரில் இனி வீடு என்பது இல்லை. அதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

எல்லாவற்றையும் சேற்றிலிருந்து எடுத்து ரோட்டோரம் அடுக்கி வை, தனியாக இருந்தால் தொட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 27

இரண்டு கம்பெனிகள். ஈரோட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற என்ஜினியர், காலில் சேற்றோடு வந்தார். ஓடைவீதியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மெட்ராஸ் கம்பெனி ஷூவோடு வந்து கலர் சிலைடு போட்டது. நடுவில் கரண்ட் போயிற்று. இருட்டிலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜனங்களுடைய மரம், ஓடு, கதவு எல்லாம் யாருக்குச் சேரும் என்று கேட்டேன். மெட்ராஸ் கம்பெனியின் மேற்பார்வையாளன், சாய்கிருஷ்ணா என்கிற இளைஞன், பதில் சொன்னான்.

"மேடம், கீழ கெடக்கறது எல்லாமே இடிபாடுதான். பிரிச்சுப் பாத்துட்டிருந்தா வேலை முடியாது."

அள்ளுகிறவனுக்குக் கூலி லோடு கணக்கில். மேற்பார்வைக்கும் அதே லோடு கணக்கில். அப்படியானால் லோடு குறைய வேண்டுமென்று யார் நினைப்பார்கள் என்றேன். நல்ல ஜோக்கைக் கேட்டதுபோலச் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின் வெங்கடபதி, "மெட்ராஸ்காரங்களுக்கே குடுத்தரலாங்களா வதினா?" என்றார்.

"பாக்கலாங்க" என்றேன்.

கமிட்டியின் இன்னொரு ஆள், மில்காரர் வரதராஜுலு, காபி ஆறுகிறது என்றார்.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'பாக்கலாங்க' என்று சொல்லியனுப்பினால் பெண் வீட்டார் வேறு ஜாதகம் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 2

மெட்ராஸ் கம்பெனிக்கே கொடுத்தாகிவிட்டது. 'கமிட்டி ஏகமனதாக' என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

டிசம்பர் 3

வெங்கடபதி வீட்டுக்குப் போனேன்.

"நீங்க வேண்டாம்னு சொல்லலீங்களே வதினா."

"பாக்கலாங்கன்னு சொன்னேன்."

"ஆமாங்க. பாத்தோம், குடுத்துப்போட்டோம்."

மெட்ராஸ்காரன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்றால் மன்னித்துவிடலாம். இவர் பிறந்தது இங்கே. இவருடைய மூத்த மகளுக்கு வராத 'பாக்கலாங்க'வா? ஒவ்வொரு முறையும் சாப்பிடாமல் படுத்த மனிதர்தானே இவர்?

இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

டிசம்பர் 9



டிபார்ட்மென்ட் போனுக்குத் தெய்வாத்தாள் கூப்பிட்டாள். "பொக்லைன் வந்துருச்சு புள்ள. தலைவரு உங்க ஊட்டு ஆளுதான, நீ வந்து ஒரு வார்த்த சொல்லு." வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்து சேருவதற்குள் —

ரோட்டோரம் அடுக்கியிருந்ததுதான் முதல் லோடு. அள்ளுவதற்கு வசதியாக அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள் என்று சாய்கிருஷ்ணா பாராட்டினான். நான் சத்தம் போட்டதும் முகம் மாறிவிட்டது. "என்ன மேடம், உங்க கமிட்டி ஒத்துக்கிட்ட முறைதானே இது?"

தெய்வாத்தாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கமிட்டில நீயுமா இருந்தே?"

அவ்வளவுதான் கேட்டா. திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூத்தியிருக்கலாம். நான் என்னன்னு சொல்றது? வேண்டாம்னுதான் சொன்னேன், நம்மூர்ப் பேச்சுல சொன்னேன்னா? வேண்டாம்னு நாலே எழுத்து. அதச் சொல்ல முடியல எனக்கு. மரியாத! யாருக்கு மரியாத?

டிசம்பர் 14

பழைய மரக்கடைகளாக ஏறி இறங்கினேன். ஓடைவீதிச் சாமான் வந்ததாம், வந்த வேகத்தில் போய்விட்டதாம். "மரத்துல ஊட்டுக்காரங்க பேரு எழுதியிருக்குமுங்களா அம்மணி, நாங் கண்டுபுடிக்க?" என்றார் கடைக்காரர். வேறு தேக்கு காட்டினார். அதற்கு விலை பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெய்வாத்தாள் இல்லை. உடுமலைப்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

1997 ஜனவரி 26

கொடியேற்றம். கன்சல்டன்ட் கம்பெனிக்குப் பொன்னாடை. ஓடைவீதி துடைத்து வைத்ததுபோல இருக்கிறது என்று பேசினார்கள். உண்மைதான். வீடில்லாத வீதியில் குப்பை எங்கிருந்து வரும்?

பிப்ரவரி 12

பஸ் நிலையத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். அதற்கும் கன்சல்டன்ட், அதற்கும் கமிட்டி. வெங்கடபதி போன் செய்தார். வரமாட்டேன், ஓடைவீதியில் செய்தது அயோக்கியத்தனம் என்றேன். மரியாதைக்குக்கூட ஒரு 'ங்க' போடவில்லை. "ஒடம்பு செரியில்லீங்களா வதினா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

உடுமலைப்பேட்டை போய் வந்தேன். தெய்வாத்தாள் தேங்காய்க் களத்தில் கொப்பரை காய வைக்கும் வேலைக்குப் போகிறாள். மகளுக்கு லைன் வீட்டில் ஒரே அறை. இவள் சமையல்கட்டில் படுக்கிறாளாம்.

"வாங்க டீச்சர்" என்றாள். 'புள்ள' என்று கூப்பிடவில்லை.

மரம் பேசி வைத்திருக்கிறேன், ஓடும் வாங்கித் தருகிறேன், ஊருக்கு வந்துவிடு என்றேன். கமிட்டியில் நடந்ததையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"உங்குளுக்கு எதுக்குங்க வீண் செரமம். நீங்க இத்தன தூரம் வந்ததே பெருசுங்க."

கோபமா தெய்வா என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காப்பிக்குச் சக்கர போதுங்களா?"

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றாள். வண்டி புறப்படும்போது இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள்.